மேற்கு மேட்டில் ஒன்றுமில்லை

மன்ஷத் வாயில் நிஜம் வந்தால் அன்றைக்கு மழைதான் என்போம். ஸமாவா பாலைவனத்தில் எங்களுக்கு வேண்டியதும் மழைதான். குளிர் தொடங்கும்போது இடி இடித்தால்தான் மணலுக்குள் கமாக் காளான் திரளும். குளிர் விடும் சமயம் மணல் லேசாக வெடித்துப் புடைத்திருக்கும். தோண்டினால் உருளைக்கிழங்கு போலக் கையில் வரும். அதன் ருசிக்கு முன்னால் ஆட்டுக்கறி எம்மாத்திரம்?

கிடைத்த இடத்தை எவனும் சொல்லமாட்டான். அது எங்கள் ஊர் வழக்கம். அதில் மன்ஷத் எங்களுக்கெல்லாம் வாத்தியார். சாக்கு நிரம்பக் கொண்டுவந்து ஒளித்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லப்பா, ஓணான்தான் ஓடுது" என்பான். அவன் இல்லையென்ற திசைக்கு மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கிளம்புவது அவன் தம்பி ஜியாத். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டான்.

அந்த வருடம் மழை பலமாகப் பெய்தது. ஒருநாள் மன்ஷத் காலிச் சாக்கோடு கூடாரத்துக்கு வந்தான். ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்கவில்லை.

"மேற்கு மேட்டுக்கு யாரும் போயிடாதீங்க. மண்ணு கரைஞ்சு சண்டைக் காலத்துல பொதைச்ச பழைய கண்ணிவெடியெல்லாம் வெளிய தெரியுது."

கூடாரமே சிரித்தது. "காலிச் சாக்க இங்க காட்டுற. நெறஞ்ச சாக்கு எங்கண்ணே?" என்றான் ஜியாத்.

"உன் புள்ளைங்க மேல சத்தியம்டா."

"போன வருசமும் அதுங்க மேலதான் சத்தியம் பண்ண. நல்லா கொழுகொழுன்னுதான் இருக்குதுங்க."

மன்ஷத்துக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து போய்விட்டான். மடையன், தம்பியின் வண்டிச் சாவியையாவது பிடுங்கி வைத்திருக்கலாம். ரோஷம் விடவில்லை.

காலையில் மேற்கே ஒரு சத்தம் கேட்டது. வானத்தில் மேகமே இல்லை. மன்ஷத் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். தம்பியை அவன்தான் தோளில் தூக்கி வந்தான். உயிர் தப்பியது. வலது கால் முழங்காலோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஜியாத் கண் விழித்தபோது மன்ஷத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "படிச்சுப் படிச்சு சொன்னேனேடா. நம்பக் கூடாதா?"

ஜியாத்துக்குக் கோபமெல்லாம் இல்லை. அண்ணன் கையைத் தடவிக்கொடுத்தான்.

"அங்க நெறைய இருக்கு, போடான்னு சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனேண்ணே."