எவெர்ட் வாங்கிய மூன்று ஆல்டர்னேட்டர்கள்

எவெர்ட் முப்பத்துநான்கு வருடம் பால் லாரி ஓட்டியவர். ஸ்காரா என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் விடிவதற்குள் பாலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். பனிப்புயலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாளிலும் போனார். "மாடு லீவு போடாது" என்பது அவருடைய ஒரே தத்துவம். குன்வோரையும் ஒரு பண்ணை வாசலில்தான் முதலில் பார்த்தார். கேனை எடுத்துக் கொடுத்தவள், "பாத்துத் தூக்கு, போன வாரம் வந்தவன் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டுப் போனான்" என்றாளாம். அவ்வளவுதான் காதல். அடுத்த கோடையில் கல்யாணம்.

வாழ்நாளில் அவர் வாங்கிய கார் ஒன்றே ஒன்று. 1971 மாடல் வோல்வோ, இரண்டு கதவு, கரும்பச்சை. மகள் இல்வா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தது அதில்தான். பழைய கார் மன்றத்தில் சேரச் சொல்லிப் பலர் கேட்டார்கள். "பழசா? இது என் கார்யா" என்று மறுத்துவிட்டார்.

எழுபத்தாறாவது வயதில் குன்வோருக்கு மறதி முற்றியது. ஸ்காராவில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே அவள் எந்த வண்டியிலும் ஏற மாட்டாள். டாக்ஸி வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். பல் மருத்துவரிடம் கூட்டிப்போக வந்த ஓட்டுநரின் கையைக் கடித்தே விட்டாள். ஆனால் பச்சைக் கார் வாசலில் வந்து நின்றால் போதும். யாரும் சொல்லாமல் கோட்டின் பின்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். கைப்பையை மடியில் வைப்பாள். "வெரசா ஓட்டாத, எவெர்ட்" என்பாள். அவர் பெயர் அவள் வாயில் வருவது வாரத்தில் அந்த ஒரு வேளைதான்.

அதற்காக ஞாயிறுதோறும் போனார். ஏரிவரை போய்த் திரும்ப அரைமணி நேரம். குளிர்காலத்திலும் விடவில்லை. பட்டறை வைத்திருக்கும் நண்பர் ரூனே தலையில் அடித்துக்கொண்டார்.

"பனி உருக ரோட்டுல உப்பு கொட்டியிருக்கான்யா. அடித்தகடு எல்லாம் அரிச்சிடும்."

"அரிக்கட்டும்."

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு இல்வாவிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவள் கோத்தன்பர்க்கில் மின்னணுப் பொறியாளர். கப்பல் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் கருவிகளை வடிவமைப்பவள். பரிசுப் பொட்டலத்தின்மேல், அந்த ஊர் வழக்கப்படி, பாட்டு ஒன்று எழுதியிருந்தாள்:

முள்ளு தெரியலன்னு மூக்கைச் சுருக்கும் கிழவா,
வெள்ளை வெளிச்சம் அனுப்புறா உன் மக இல்வா.

உள்ளே டேஷ்போர்டுக்கான எல்.இ.டி. பல்புகள். எவெர்ட் அன்று மாலையே பழைய பல்புகள் எல்லாவற்றையும் கழற்றி, இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, புதியவற்றை மாட்டினார். வேகமுள் பட்டப்பகல்போலத் தெரிந்தது.

ஜனவரியில் சார்ஜ் விளக்கு தகராறு செய்யத் தொடங்கியது. இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டிய அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லை. ஆக்சிலரேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தால் அணைந்தது. தனியாக வரும்போது நெடுஞ்சாலையில் மிதிப்பார், அணையும். குன்வோரை வைத்துக்கொண்டு எப்படி மிதிப்பது? இன்ஜின் உறுமினாலே அவள் நடுங்குவாள்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. மழையும் பனியும் கலந்து கொட்டியது. முன்விளக்கு, வைப்பர், ஹீட்டர் எல்லாம் ஓடின. சிவப்பு விளக்கும் எரிந்தது. ஏரிச் சாலையில் பேட்டரி தீர்ந்து கார் நின்றது. அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது குன்வோர் கதவைத் திறந்து இறங்கியிருக்கிறாள். வீட்டுச் செருப்போடு சாலை நடுவில் நடந்தாள். மரம் ஏற்றி வந்த லாரி அவளுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது.

இல்லத்தின் பொறுப்பாளர் சோல்வெய் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கார் முழுசாச் சரியாகட்டும், எவெர்ட். அப்புறம் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் வேணாம்."

ரூனே, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றித் தன் மேஜையில் ஓட்டிப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணும் இல்லையேய்யா."

"அப்ப விளக்கு ஏன் எரியுது?"

"சார்ஜ் ஏறல, அதான் எரியுது. பல்பு ஃபியூஸ் போயிருந்தாலும் சார்ஜ் ஏறாது. ஆனா இதுதான் ஜோரா எரியுதே. உள்ளுக்குள்ள எங்கயோ நோவு. வேற போட்ருவோம்."

முதலாவது, பழுது நீக்கி விற்கப்பட்டது, பழையதைப் போலவே முப்பத்தைந்து ஆம்பியர். மாட்டியதும் ரூனே இன்ஜினை உறும விட்டார், விளக்கு அணைந்தது. இருவரும் காப்பி குடித்தார்கள். மறுநாள் காலை மறுபடி எரிந்தது. எவெர்ட் கோத்தன்பர்க்குக்குப் போன் போட்டார்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன், இல்வா."

"வந்து பாக்க என்னப்பா இருக்கு? மீட்டர் வச்சிருக்கல்ல? ஸ்டார்ட் பண்ண உடனே எத்தன வோல்ட்?"

"பன்னெண்டே கால்."

"உறும விட்டா?"

"பதினாலு."

"அப்ப ரெகுலேட்டர் கோளாறு. ஆல்டர்னேட்டரோட சேர்ந்தேதான் வரும். மாத்திடு. நான் மீட்டிங்ல இருக்கேன்பா."

இரண்டாவது, ஏப்ரலில் உதிரிபாகச் சந்தையில், ஒரு வயலில் தார்ப்பாய் விரித்திருந்தவனிடம் வாங்கியது. அவன் வரிசையாகப் பதினோரு ஆல்டர்னேட்டர் அடுக்கி வைத்திருந்தான். எவெர்ட் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்தார்.

"பெரியவரே, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறீங்களா?"

"பொண்டாட்டியக் கூட்டிட்டு வரத்தான் பாக்குறேன்."

அவன் சிரித்தான். எவெர்ட் சிரிக்கவில்லை. ஒன்பதாவதை எடுத்துக்கொண்டார். அதை மாட்டியும் விளக்கு எரிந்தது.

மூன்றாவதை இல்வாவே தேர்ந்தெடுத்தாள். புத்தம் புதியது, ஐம்பத்தைந்து ஆம்பியர். குறைந்த வேகத்திலேயே கூடுதலாகச் சார்ஜ் தரும் என்று இரண்டு பக்கம் கணக்குப் போட்டு அனுப்பினாள். அதற்கேற்ற தடித்த ஒயரையும் அனுப்பினாள். கணக்கில் பிழை இல்லை. ரூனேவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்பத்தஞ்சா? எதுக்கு, உங்க தெருவுக்கே லைட் போடப் போறியா?"

"பொறியாளர் சொல்றா."

"பொறியாளர் வந்து மாட்டட்டும்."

ரூனேதான் மாட்டினார். விளக்கு எரிந்தது.

இதற்குள் மே முடிந்துவிட்டது. எவெர்ட் ஞாயிறுகளில் பேருந்தில் போய்க் குன்வோர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவரிடம், "ஃபேன் ரிப்பேருக்கா வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் எழுந்து ஃபேனைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்றார்.

ஜூனில், கோடைத் திருநாளன்று காலை, இல்வா வந்தாள். பையை வைத்ததும் கார் நின்ற கொட்டகைக்குப் போனாள். சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்பவுமே இவ்வளவு பளிச்சுனா எரியும்?"

"கிறிஸ்துமஸ்ல இருந்து."

அவள் தரையில் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தாள். கையால் எதையோ பிடுங்கினாள். எவெர்ட்டுக்கு அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை அசையவில்லை.

"இல்வா? மண்ட இடிச்சிடுச்சா?"

"பழைய பல்பு இருக்காப்பா?"

இருமல் மிட்டாய் டப்பாவைக் கொண்டுவந்தார். ஒன்றை மாட்டினாள். இன்ஜின் ஓடியது. உறும விடாமலே, மிதிக்காமலே, விளக்கு அணைந்தது. எவெர்ட் கொட்டகைக் கதவை ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா! நீ சொன்ன ஆல்டர்னேட்டர்தான் ராசி! ரூனே மூஞ்சிய இப்ப பாக்கணும்!"

அவள் வெளியே வந்தாள். முகத்தில் தூசி. "இல்லப்பா. மூணுமே நல்லதுதான். மொதல்ல கழட்டுனதும் நல்லதுதான்."

"அப்புறம்?"

"ஆல்டர்னேட்டர் முழிச்சிக்கணும்னா இந்த விளக்கு வழியாக் கொஞ்சம் கரண்டு உள்ள போகணும். பழைய பல்பு விடும். எல்.இ.டி. விடாது. உறும விட்டா எப்படியோ தானா முழிச்சிக்கும். மெதுவாப் போனா தூங்கிட்டே இருக்கும்."

சார்ஜ் இல்லை, இல்லை என்று ஐந்து மாதம் காட்டிக்கொடுத்த விளக்கே அதைத் தடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

"நான் குடுத்தது" என்றாள் இல்வா. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்பா. இதான் என் வேலையே."

எவெர்ட் அந்தச் சின்ன வெள்ளை பல்பை வாங்கி, புரட்டிப் பார்த்தார். "முள்ளு நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றார். பிறகு சட்டை மாற்றிக்கொள்ளப் போனார். சோல்வெய் போனிலேயே சரி என்றார்.

இல்லத்து முற்றத்தில் திருநாளுக்காகப் பூச்சுற்றிய கம்பம் நட்டிருந்தார்கள். குன்வோர் தலையில் பூவளையத்தோடு, மடியில் மீன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எவெர்ட் காரை எப்போதும் நிறுத்தும் இடத்தில் அங்குலம் பிசகாமல் நிறுத்தினார். அவள் பக்கக் கதவைத் திறந்துவைத்தார். கையைப் பிடித்து அழைத்துவந்தார். வந்தாள். கார்வரை வந்து நின்றாள். இருக்கையை, கதவை, பச்சை வண்ணத்தைப் பார்த்தாள்.

"யாரு வண்டி?"

"நம்மளுது."

"நல்லா இருக்கு" என்றாள் மரியாதையாக. "எனக்கு வேணாங்க. இங்க ஸ்ட்ராபெரி தருவாங்க." திரும்பி நடந்தாள்.

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும் போனார். ஞாயிறு மாலைகளில் இல்வா போன் செய்து, "இன்னிக்கு?" என்பாள். "இல்ல" என்பார். நான்காவது ஞாயிறு, கதவைத் திறந்து அவர் கை நீட்டியதும், டாக்ஸியைக் கண்டால் அலறுவதுபோலவே குன்வோர் அலறினாள். காரைச் சமையலறைக்குப் பின்னால், அவள் கண்ணில் படாமல் நிறுத்தச் சொன்னார் சோல்வெய்.

கார் அதற்குப் பிறகு ஒருநாளும் வழியில் பழுதாகி நிற்கவில்லை.

அந்த நான்காவது ஞாயிறு மாலை இல்வா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"என்மேல கோவமாப்பா?"

எவெர்ட் பொய் சொல்லிப் பழகாதவர். சமையலறை மேஜையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரமாகச் சேர்த்தார்.

"பல்புக்கு இல்ல" என்றார். "பிப்ரவரியில கூப்பிட்டேன். வந்திருக்கலாம்."

போனை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.