கனகம் அக்கா கழுவி வைத்த கற்கள்

பழைய தரையைப் பெயர்க்கும்போது ஒரு வாசம் வரும். நனைந்த சுண்ணாம்பும் மண்ணும் கலந்த வாசம்... இப்போதும் சைட்டில் அது மூக்கில் பட்டால் பசுமலையில் இருந்த கனகம் அக்கா வீடுதான் ஞாபகத்துக்கு வரும்.

இருபது வருஷம் இருக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். அலங்காநல்லூரிலிருந்து ஒரு பஸ், மாறி இன்னொரு பஸ். சூப்பர்வைசர் என்பதெல்லாம் பெயருக்குத்தான். கொத்தனார் முத்தையா அண்ணன் செய்வதைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் என் வேலை.

கனகம் அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவர். அவருடைய அப்பா கட்டிய வீடு. ஹால் முழுக்கப் பூப்போட்ட சிமெண்ட் கல். நாலு கல் சேர்ந்தால் ஒரு பச்சைப் பூ, சுற்றிலும் காவி நிற பார்டர். அடியில் தண்ணீர் இறங்கி ஒரு பக்கம் தரை உள்வாங்கிவிட்டது.

அவருடைய கணவர் ராமசாமி ரிட்டயர்டு கண்டக்டர். அடுத்த வாரம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வழுவழு டைல்ஸ் வாங்கி வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டார். அக்காவோ இந்தத் தரைதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"கழட்டித் திரும்ப ஒட்டிக் காமிக்கட்டும். பழைய மாதிரி வரலேன்னா என் டைல்ஸ்தான். அப்புறம் பேசக் கூடாது," என்று கண்டிஷன் போட்டார் ராமசாமி.

சுண்ணாம்புக் கலவையில் பதித்த கற்கள் என்பதால் சுலபமாகப் பெயர்ந்தன. எந்தக் கல் எந்த இடம் என்று தெரிய ஒவ்வொன்றிலும் நம்பர் போடுவது என் பொறுப்பு. "பின்னாடி பெயிண்ட்ல போடு தம்பி," என்றார் முத்தையா அண்ணன். பின்பக்கம் ஒரே சுண்ணாம்புப் பொருக்கு, எழுத வரவில்லை. அக்காவின் டப்பாவிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து, முன்பக்கத்திலேயே அழகாக எழுதி, கொல்லையில் அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

போய்ப் பார்த்தால், இருநூற்றுச் சொச்சம் கல்லும் காம்பவுண்ட் சுவர் ஓரமாக வரிசையாகச் சாய்ந்து நின்று, வெயிலில் பளபளவென்று காய்கின்றன. தலைக்குக் குளித்த ஈரத்துண்டோடு அக்கா நிற்கிறார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இம்புட்டு அழுக்கோட அடுக்கிக் கெடந்துச்சு தம்பி. அதான் வெள்ளனவே எந்திருச்சு கழுவிட்டேன். எப்பிடி மின்னுது பாரு!"

ஒரு கல்லிலும் நம்பர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தரை வேண்டும் என்று நின்ற ஒரே ஆள் அவர்தான். அவர் கையாலேயே இப்படி ஆகிவிட்டது.

"எல்லாம் ஒரே பூதானே அண்ணே, எங்க வச்சா என்ன?" என்று கேட்டேன். முத்தையா அண்ணன் இரண்டு வரிசை வைத்துக் காட்டினார். நடைபாதையில் தேய்ந்த கல்லுக்குப் பக்கத்தில் பீரோவுக்கு அடியில் இருந்த, புதுக் கருக்கு மாறாத கல். ஒட்டுப்போட்ட லுங்கி மாதிரி இருந்தது. மேடுபள்ளத்தில் கால் கட்டைவிரல் வேறு தட்டியது.

"சரி... பெட்டியப் பிரிங்க," என்றார் ராமசாமி. டைல்ஸ் பெட்டியை எடுக்கப் போனவர் சுவர் ஓரமாக நின்றுவிட்டார்.

"ஏ கனகு. இது நான் சுட்ட கல்லுல்ல?"

கல்லில் கருப்பாக ஒரு முக்கோணம்.

"கரி போட்ட இஸ்திரிப் பெட்டி கவுந்துச்சே, காக்கிச் சட்டை தேய்க்கையில. சன்னலுக்கு நேரா ரெண்டாவது."

"மூணாவதுங்க," என்றார் அக்கா, படியில் இருந்தபடியே. "ரெண்டாவதுல என் மெஷின் காலு நின்னுச்சு."

"நீ சும்மா இரு. உன் மெஷினு செவுத்தோரமால்ல கெடந்துச்சு?"

"அது பிள்ளை பெறந்த பெறகு மாத்துனது."

அக்கா எழுந்து வந்து, குழி விழுந்து எண்ணெய்க் கறை பிடித்த நாலு கற்களைத் தேடி எடுத்தார். அங்கிருந்துதான் ஆரம்பித்தது. கட்டில் கிடந்த இடம், வெயில் விழுந்து வெளுத்த இடம், மகள் நெயில் பாலிஷைக் கொட்டிய இடம்... இரண்டு நாள் இருவரும் சண்டை போட்டார்கள். நான் நோட்டில் எழுதினேன். முத்தையா அண்ணன் பதித்தார். கடைசியில் ஒரு மூலையில் இரண்டு கற்களுக்கு மட்டும் சமாதானமே ஆகவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களிடம், "ஒரிஜினல் கல்லு. எது எங்கன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றாராம் ராமசாமி. டைல்ஸ் பெட்டிகள் பாத்ரூமுக்குப் போயின.

இப்போது அந்தத் தவறு நடக்கவே நடக்காது. பெயர்ப்பதற்கு முன்னால் போனில் படம், பின்பக்கம் தேய்த்து மார்க்கரில் நம்பர். பழைய தரையை மீட்டுக் கொடுப்பதே என் பிழைப்பாகிவிட்டது. தேடி வருகிறார்கள்.

போன மாதம் மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. காபி ஷாப் ஆக்கப்போகிறார்கள். சன்னல் ஓரத்துக் கற்களில் நாலு குழி, நடுவில் கருத்த எண்ணெய்க் கறை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இங்க யாரு தச்சாங்கன்னு தெரியுமா சார்?" என்றேன், வீட்டை வாங்கியவரிடம்.

"தெரியலையே. வீடு மூணு கை மாறி வந்துச்சு. பூவெல்லாம் அப்பிடியே இருக்கட்டும் சார், இந்தக் கறைய மட்டும் எடுத்துருங்க."

குழிகளை அதே நிறச் சிமெண்டால் அடைத்து, காய்ந்ததும் பாலிஷ் மெஷினை ஓட்டினோம். பத்து நிமிஷ வேலை. தரை உண்மையிலேயே நன்றாக வந்தது, குறை சொல்ல முடியாது.

இனிமேல் அந்த வீட்டுக் கற்களை யாராவது தெரியாமல் கலைத்துப் போட்டால், இரண்டாவதா மூன்றாவதா என்று சண்டை போட அங்கே ஆள் இல்லை.