போட்டி நாள் ஒருசந்தி

லூர்துசெல்வியின் கை நடுங்கும் என்பது பொம்மையார்பாளையத்துக் குதிரை லாயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மற்ற நாட்களில் நடுங்காது. ஈர மணலில் கடிவாளத்தை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் அவிழ்ந்த கொண்டையைச் செருகிக்கொண்டே குதிரையை விரட்டுகிறவள் அவள். போட்டி என்று வந்துவிட்டால் மட்டும் ஹெல்மெட்டின் வாரை மாட்டிவிடக்கூட இன்னொருத்தர் வரவேண்டும்.

தடை தாண்டும் போட்டியில் இது அவளுக்கு மூன்றாவது. முதல் போட்டியில் எந்தத் தடைக்குப் பிறகு எந்தத் தடை என்பதே அவளுக்கு மறந்து போயிற்று. மைதானத்தின் நடுவில் குதிரையும் அவளும் வழி தவறிய வெளியூர்க்காரர்கள் மாதிரி நின்றார்கள். இரண்டாவது போட்டியில் நீல டிரம்களை வரிசையாகப் படுக்கவைத்து மேலே கட்டை போட்டிருந்த தடைக்கு முன்னால் அவள் குதிரை மல்லி நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். மறுபடியும் நின்றது. மணி அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

லாயத்தை நடத்தும் அருணா கெட்டவர் இல்லை. ஆனால் கணக்கானவர். போன வாரம் செல்வியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் முடிக்கலேன்னா மல்லிய கோபிகிட்ட குடுத்துடுவேன் செல்வி. கோவமெல்லாம் இல்ல. நல்ல குதிரை. அதுக்கும் வயசு போய்க்கிட்டே இருக்கு."

கோபியும் கெட்டவன் இல்லை. நல்ல சவாரிக்காரன். அதுதான் செல்வியை வாட்டியது. அவனிடம் போனால் மல்லி நன்றாகத்தான் இருக்கும், ஜெயிக்கவும் செய்யும். திரும்ப அவளிடம் வராது.

மல்லி இந்த லாயத்துக்கு வந்தபோது பக்கத்தில் போனவர்களையெல்லாம் கடித்தது. தீனி வாளியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடினார்கள். செல்வி அப்போது இங்கே சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பெருமுக்கல்லிலிருந்து கடற்கரை விடுதி ஒன்றில் பெருக்கித் துடைக்க வந்தவள், அடுத்த காம்பவுண்டில் குதிரைகளைப் பார்த்துவிட்டு அந்த வேலையை விட்டு இந்த வேலைக்கு மாறியவள். மல்லி அவளையும் கடித்தது. தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் திருப்பித் திட்டினாள். திட்டிக்கொண்டே உடம்பு தேய்த்துவிட்டாள். எத்தனையோ மாதம் போராடி, ஒரு நாள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். ஆகவே மல்லியைக் கொடுத்துவிடு என்பது அவளுக்குச் சாதாரணச் சொல் இல்லை.

பயத்துக்கு உலகத்தில் எல்லோரிடமும் மருந்து இருந்தது. குதிரையின் காதுகளுக்கு நடுவில் பார் என்றான் கோபி. மூச்சை ஆழமாக இழுத்து விடு என்றார் அருணா. சவாரி கற்க வரும் காலேஜ் பெண் ஒருத்தி, கண்ணை மூடி வெற்றிக் கோப்பையை நினைக்கச் சொன்னாள். செல்வி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கை அது பாட்டுக்கு நடுங்கியது.

இது எங்கிருந்து வந்த வியாதி என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அம்மா அக்னஸிடமிருந்து வந்தது. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் அம்மா சோறு போடும்போது கரண்டி பானை விளிம்பில் டக்டக்கென்று இடிக்கும். பிள்ளைகள் நாலு பேரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அம்மா பயந்தாங்கொள்ளி, அப்பாவுக்குப் பயப்படுகிறாள், கடன்காரனுக்குப் பயப்படுகிறாள், அதுதான் கை ஆடுகிறது என்று செல்வி சின்ன வயதிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த அம்மாதான் இப்போது நேர்ச்சையும் வைத்திருந்தாள். குதிரை என்றாலே விழுந்து கை கால் போய்விடும் என்று அடித்துக்கொண்டவள், முதல் போட்டிக்கே, விழாமல் முடிக்கவேண்டும் என்று லூர்து மாதாவிடம் வேண்டிக்கொண்டு மகளை ஒருசந்தி இருக்கச் சொன்னாள். பொழுது சாய்ந்தபிறகு ஒரே வேளைச் சாப்பாடு. முதல் போட்டி சொதப்பியதும் விரதத்தில் குறை என்று முடிவாயிற்று. இரண்டாவது போட்டிக்கு முந்தின ராச்சாப்பாடும் ரத்து. அதுவும் சொதப்பியது. மூன்றாவதற்கு டீகூடக் கிடையாது, வெறும் தண்ணீர்தான். நேர்ச்சையை ஊரெல்லாம் சொல்லக்கூடாது என்பதால் லாயத்தில் யார் கேட்டாலும் "சாப்ட்டேன்" என்றே சொல்லிவந்தாள்.

போட்டி நாளன்று வெயில் ஏறியது. அவள் பெயர் பட்டியலில் கடைசிப் பக்கமாக இருந்தது. காத்திருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை. ஒவ்வொரு குதிரையாக உள்ளே போய் வெளியே வந்தது. கோபி ஒரு கட்டைகூட விழாமல் முடித்துவிட்டு வந்தான். கைதட்டல் கேட்டபோது செல்விக்குக் கண் இருட்டியது. கடிவாளத்தின் நுனி கையில் துடித்தது. அந்தத் துடிப்பு மல்லியின் வாய்வரை போயிற்று. அது தலையை உதறி, காலால் மண்ணைப் பறித்தது.

"செல்வி."

திரும்பினால் வேலி ஓரத்தில் அம்மா. கையில் துணிப்பை.

"எம்மா, நீ எங்க இங்க?"

"காலைல திண்டிவனம் வந்து பஸ் புடிச்சவதான், இப்பதான் வந்து சேந்தேன். ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு." அக்னஸ் மகளின் கையைப் பார்த்தாள். "இன்னாடி, கை இப்படி ஆடுது?"

"உனக்கு ஆடறதில்லையா? அதேதான். நீ குடுத்த சொத்து."

சொன்னபிறகு செல்விக்கே சுருக்கென்றது. அக்னஸ் மல்லியைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தாள்.

"இது ஏன் இப்படி முறைக்குது? தீனி வச்சியா?"

"விடியச்சொல்லவே கொள்ளு, புல்லு எல்லாம் வச்சிட்டேன். காலி வயித்துல எகிறச் சொன்னா எப்படிம்மா எகிறும்? காலு பின்னிக்கும்."

அக்னஸ் குதிரையின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

"நீ?"

"நான் இன்னா? ஒருசந்தி."

"நேத்து ராத்திரி?"

"நீதானே வேணாம்னே."

அக்னஸ் அப்படியே வேலியடியில் உட்கார்ந்துவிட்டாள். துணிப்பையைப் பிரித்தாள். பொழுது சாய்ந்ததும் மகள் சாப்பிடட்டும் என்று சுட்டு எடுத்துவந்த கேப்பை அடை இலையில் இருந்தது.

"தின்னு."

"நேர்ச்சைம்மா."

"மாதாகிட்ட நான் பேசிக்கறேன். உன் ஒருசந்திய நான் எடுத்துக்கினேன்னு வையி. எனக்குப் பழக்கம்தான். நீ ஜல்தியா தின்னு."

செல்விக்கு முன்னால் இன்னும் சில குதிரைகள் இருந்தன. பாதி அடையை விழுங்கினாள். மைதானத்து ஓரம் டீ விற்றவரிடம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கி அம்மா வேலிக்கு மேலாக நீட்டினாள். குடித்தாள். பயம் போகவில்லை. நெஞ்சு உரல் இடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஹெல்மெட்டின் வாரை அவளே மாட்டினாள். மாட்டியபிறகுதான் அதைக் கவனித்தாள். இத்தனை நாளும் பயம் வேறு நடுக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இரண்டையும் ஒரே மூட்டையாகச் சுமந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மணி அடித்தது. மல்லி பாய்ந்தது.

முதல் தடை எப்படிப் போயிற்று என்று தெரியாது. இரண்டாவதில் குளம்பு கட்டையை உரசியது. கட்டை ஆடி நின்றது. வழி நினைவில் இருந்தது. வளைவு திரும்பியதும் நீல டிரம்கள் எதிரே வந்தன.

மல்லிக்கும் நினைவிருந்தது. அதன் காதுகள் பின்னால் சாய்ந்தன. ஓட்டம் குறுகியது. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். இதோ நிற்கப்போகிறது. நாளைக்குக் கோபி இதன்மேல் உட்காரப்போகிறான். கையைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது, ஆனாலும் பார்த்தாள். கை சும்மா இருந்தது. கடிவாளம் சும்மா இருந்தது.

"மாதாவே" என்று வாய்விட்டுச் சொன்னாள். அடைத்த மூச்சு அந்தச் சொல்லோடு வெளியே வந்தது. கால்களால் விலாவை இறுக்கினாள். மல்லி ஒரு கணம் யோசித்தது, அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பிறகு உடம்பைச் சுருட்டிக்கொண்டு எழும்பியது. டிரம்கள் கீழே போயின.

மீதியை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். கடைசித் தடையில் ஒரு கட்டை விழுந்தது. பரிசுக்கு வழியில்லை.

வெளியே வந்தபோது அருணா நின்றிருந்தார்.

"கடைசில கை அவசரப்பட்டுடுச்சு."

"ஆமா மேடம்."

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம். நீயும் மல்லியும் ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்துடுங்க."

செல்வி மல்லியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு குதிரைக்குத் தண்ணீர் காட்டிக் கட்டிவிட்டு அம்மாவைத் தேடிப்போனாள்.

அக்னஸ் முந்திரி மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி விரலுக்குள் நிற்காமல் நழுவியது. கை ஆடியது.

"ரொம்ப பயந்துட்டியாம்மா?"

"பயமா? எனக்கு இன்னா பயம்? நீ எகிறும்போது சிரிச்சிக்கினு இல்ல இருந்தேன்."

முகத்தில் பயம் இல்லைதான். கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. செல்வி அந்தக் கையையே பார்த்தாள்.

"நீ எப்ப சாப்ட்டே?"

"நீ பட்டினி கெடக்கும்போது நான் எப்படித் தின்னுவேன்? நேத்திலேருந்து நானும் ஒருசந்திதான்."

பானை விளிம்பில் கரண்டி இடிக்கும் சத்தம் செல்வியின் காதில் கேட்டது. நாலு தட்டு. சோறு போட்டு முடிந்ததும் அம்மா பானையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். தனக்கென்று ஒரு தட்டு எடுத்து அவள் உட்கார்ந்ததைப் பார்த்த நினைவு எவ்வளவு தேடியும் வரவில்லை. எனக்குப் பழக்கம்தான் என்று சற்றுமுன் சொன்னாளே. அந்தக் கையைப் பார்த்துத்தான் நாலு பேரும் சிரித்தார்கள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தார்கள்.

செல்வி மீதி அடையைப் பிட்டு அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"பொழுது சாயட்டும்டி. நேர்ச்சை."

"நேர்ச்சை நான் விழாம முடிக்கணும்னுதானே? நான் கீழ எறங்கியாச்சு. வாயைத் தொற."

அக்னஸ் மகளை ஒரு முறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். செல்வி துண்டு துண்டாக ஊட்டினாள். இன்னொரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அது ஆடுவது நிற்கும்வரை விடவில்லை.