புத்துக்கு வைத்த பால்

பொன்னழகுக்கு வந்த நோயைப் பார்த்து எனக்குக் குமட்டவில்லை. அதை வேடிக்கை பார்க்க வந்த சனங்களைக் கண்டால்தான் குமட்டியது. பக்கத்து வீட்டுக்காரியாய்ப் போனதால் எல்லாவற்றையும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. வடமதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவள் காளியம்மன் கோயிலுக்கு. ஆனாலும் குழம்பு, வெஞ்சனக் கிண்ணம் வேலியைத் தாண்டாத நாள் கிடையாது.

காலையில் கத்தரித் தோட்டம், மத்தியானம் மாட்டுக்குப் புல், எந்நேரமும் வாயில் வெற்றிலையும் புகையிலையும். அதுதான் பொன்னழகு. புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்குவாள். "துப்பித் தொலையேன்டி" என்றால், "இது இல்லாட்டி எனக்குக் கை ஓடாதுக்கா" என்பாள். அறுபத்தொன்றாம் வருசம் வலது கன்னத்துக்குள்ளே ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. திண்டுக்கல் டாக்டர் பார்த்துவிட்டு மெட்ராசுக்குப் போகச் சொன்னார். அங்கே கத்தி வைத்தார்கள், ரேடியம் வைத்தார்கள், தை மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது. வாய் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. எல்லோரையும் போல அண்ணாந்து குடிக்க முடியாது. செம்பில் வாய் வைத்து உறிஞ்சத்தான் முடியும்.

அவள் புருசன் கண்ணுசாமி கெட்டவன் இல்லை. அக்காளுக்கு மறுபேச்சுப் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான். மெட்ராசில் டாக்டர் புற்றுநோய் என்று சொன்னதை ஊருக்கு வந்து "புத்தாம்" என்று சொல்லிவைத்தான். போதாதா? ஆத்தூரிலிருந்து அவன் அக்காள் பழனியம்மாள் வந்து இறங்கிவிட்டாள்.

"எந்தப் புத்துடா? கிணத்துமேட்டுல இருந்துச்சே, அதா?"

"ஆமாக்கா. கத்தரி நடணும்னு போன வருசம் அவதான் வெட்டி நெரவுனா."

"அப்படிச் சொல்லு! நாகம் சும்மா விடுமா? வாயில வந்து குடியேறிருச்சு பாரு."

கறையான் கட்டிய மண்மேட்டுக்கும் கன்னத்துப் புண்ணுக்கும் பேர் ஒன்றாய்ப் போனதற்காக ஒரு பொம்பிளையைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது பழனியம்மாள் வாயில் என்ன இருந்தது தெரியுமா? புகையிலை! சொல்லி முடித்து, அப்போதுதான் சாணி தெளித்த வாசலில் புளிச்சென்று துப்பினாள். "அந்தக் கருமத்தாலதான் வந்துச்சுன்னு டாக்டரு சொன்னாரு மதினி" என்று பொன்னழகு கோணிய வாயால் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கே அவளுக்கு ஒரு பீங்கான் தட்டையும் தகரக் குவளையையும் ஒதுக்கினார்கள். அவற்றைக் கழுவி மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கவிழ்க்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மகள் சின்னக்கண்ணுவைப் பழனியம்மாள் கையைப் பிடித்து ஆத்தூருக்கு இழுத்துப் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைக்கு எட்டு வயசு.

"எச்சி பட்டா ஒட்டிக்கிரும். ஒரு வருசம் தாண்டட்டும். இவ இருந்தா, புத்துக்குப் பாலூத்திட்டுப் பிள்ளைய விட்டுட்டுப் போறேன்" என்றாள் பழனியம்மாள்.

இருந்தாவாம்! மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். இந்த நோய் ஒட்டாது என்று டாக்டர் சொன்னபோது கண்ணுசாமியும் பக்கத்தில் நின்றவன்தான். மண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தான். சீ, வாய் திறக்க முடியாதவள் அவளா, அவனா?

அந்த வருசம் முழுக்க ஊர் திரண்டு வந்தது. வாழைப்பழச் சீப்போடு வந்து, "எங்கே, வாயைத் தொற, பாப்போம்" என்பார்கள். சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி குனிந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். அவள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் எழுந்து என் வீட்டுக்கு வந்து, "நாத்தம் அடிக்குதா தாயி?" என்று ரகசியம் கேட்பார்கள். ஒருத்திக்கும் நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

பொன்னழகு மட்டும் சளைக்கவில்லை. கஞ்சியை வடிகட்டிக் குடித்தாள். டாக்டர் சொன்னபடி பல்லிடுக்கில் மரக்குச்சியைச் செருகித் தாடையை நெம்பினாள். கண்ணில் தண்ணீர் கொட்டும், விடமாட்டாள். "செத்துப் போனா மதினி சொன்னது நெசமாயிரும்லக்கா? எம்பிள்ளையும் அதையே நம்பிரும்" என்றாள்.

மறு தை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பழனியம்மாள் சின்னக்கண்ணுவோடு வந்தாள். பொன்னழகு கையை நீட்டினாள். பிள்ளை அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒரு வருசமாய் அதற்கு என்ன பாடம் நடந்திருக்கிறது என்பது தெரிந்தது.

வீட்டுப் பித்தளைச் செம்பு நிறையப் பாலை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிணத்துமேட்டுக்குப் போனோம். வெட்டிய இடத்தில் கறையான் மறுபடியும் கட்டியிருந்தது. பழனியம்மாள் செம்பைப் புத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தெளித்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். பிறகு திரும்பித் தம்பியிடம், "எதுக்கு வம்பு? பிள்ளை இன்னும் ஒரு வருசம் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

கண்ணுசாமி தலையை ஆட்டினான். ஆட்டத்தானே செய்வான்!

பொன்னழகு புத்துக்கு முன்னால் வந்தாள். குனிந்து செம்பை எடுத்தாள், வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"அடிப்பாவி! அது புத்துக்கு வச்ச பாலுடி!"

"புத்து எனக்குத்தானே மதினி வந்துச்சு?" பால் வாயோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வச்சதை நான் குடிக்கிறேன்."

"செம்பை எச்சிப்படுத்திட்டாளே! தம்பி, அதைப் பிடுங்கி எறிடா" என்று கத்திக்கொண்டே பழனியம்மாள் புத்தடியில் வெற்றிலைப் புகையிலையைத் துப்பினாள்.

"ஏன், நீ துப்புனது மட்டும் தீர்த்தமோ?" என்றேன் நான். கண்ணுசாமி அந்தச் சிவப்பு எச்சிலைப் பார்த்தான். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவன் அக்காள் சொன்னதைச் செய்யாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சின்னக்கண்ணு அத்தையின் சேலையை விட்டது. மெள்ள வந்து செம்புக்குள் எட்டிப் பார்த்தது.

"எனக்கும் மிச்சம் இருக்காம்மா?"

பொன்னழகு செம்பைத் தாழ்த்தினாள். துடைத்துக் கொடுக்க முந்தானையை எடுத்தாள். பிள்ளை அதற்குள் செம்பை வாங்கி, அண்ணாந்து குடிக்காமல், அம்மா வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தது.