ஹாக்ஸ்பரிக் கரையில் ஒரு கல்லறைத் திருநாள்

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலிலிருந்து காரை எடுத்தபோது காலை பத்து மணி. நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. நானும் ஸ்டெல்லா அன்ரியும் ஒரு கல்யாணத்துக்காக மெல்பர்னிலிருந்து சிட்னி வந்திருந்தோம். நோபல் பார்க்கில் எனக்கு அடுத்த வீடு அவர், மன்னார்க் கத்தோலிக்கர். நான் சாமி கும்பிட்டு வரும்வரை காரில் பொறுமையாக இருந்தவர், இப்போது தன் பங்கைக் கேட்டார்.

"இண்டைக்குக் கல்லறைத் திருநாள் பிள்ளை. ஏதாவது சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போவீரோ?"

நெற்றியில் விபூதி காயுமுன் இடுகாடா? மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்குத் தெரிந்தால் போனிலேயே தலைமுழுகச் சொல்வாள்.

"அதுக்கென்ன அன்ரி, போலாம்" என்றேன்.

பழைய கல்லறைகள் இருக்கும் விண்ட்சர் பக்கம் போனோம், நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும். வழியில் வெள்ளை ரோஜாக் கொத்து வாங்கினோம், பன்னிரண்டு டாலர். ஹாக்ஸ்பரி ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய ஆங்கிலிகன் தேவாலயம். அதைச் சுற்றிக் குடியேற்றக் காலத்து மணற்கல் கல்லறைகள். சில பெட்டி வடிவில், மேலே ஒரே பலகைக்கல். அன்ரி அவற்றையெல்லாம் கடந்து, ஒரு கைக்குழந்தையின் சின்னக் கல்லின் முன் நின்றார். பாசி பிடித்துக் கிடந்தது.

மன்னாரில் இந்த நாளில் கல்லறையைக் கழுவிச் சுத்தம் செய்துதான் மெழுகுதிரி ஏற்றுவார்களாம். அன்ரியின் பையிலிருந்து தென்னந்தும்புப் பிரஷ் வந்தது. நான் தண்ணீர் ஊற்ற, அவர் தேய்த்தார். புல்வெளியைத் தாண்டி ஓர் அம்மாள் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட். பழைய மணற்கல், நனைந்த வெல்லம்போல உதிர்ந்துவிடும், தேய்க்கவே கூடாது என்றார்.

அன்ரி தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் மணல்.

"ஐயோ, ஆரோ பெத்த பிள்ளையின்ர பேரை அழிச்சுப்போட்டனே!"

மார்கரெட் குனிந்து தடவிப் பார்த்தார். எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணும் அழியல அன்ரி" என்றேன். அவர் அழுகை நிற்கவில்லை.

"என்ர மூத்தவன் இடம்பெயர்ந்து போகேக்க வழியில பிறந்தவன். ஞானஸ்நானம் குடுக்க முதலே செத்துப்போட்டான். றோட்டுக்கரையில குழி வெட்டித் தாட்டனாங்கள். இப்ப இடமே தெரியாது. அப்பிடியான பிள்ளைக்குப் பூசை கேக்கலாமோ எண்டு பயத்தில ஒரு ஃபாதரிட்டயும் கேக்கேல்ல."

ஐந்து வருடப் பழக்கம். அவருடைய இரண்டு மகள்களை மட்டுமே எனக்குத் தெரியும். அவர் சொன்னதை மார்கரெட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஞானஸ்நானத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாலு மணிப் பிரார்த்தனையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், உங்கள் மகன் பெயர் என்ன என்றுதான் கேட்டார்.

அன்ரி என்னைப் பார்த்தார். "நான் மனசுக்குள்ள வச்ச பேர். என்ர மனிசனுக்கும் சொல்லேல்ல." பிறகு மெல்ல, "அமலன்" என்றார்.

நாலு மணிவரை அந்தக் கல்லருகே புல்லில் உட்கார்ந்திருந்தோம். மார்கரெட் கொடுத்த கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுதிரி எரிந்தது. நாலு மணிக்குத் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தோம். பாதிரியார் ஆங்கிலப் பெயர்களாக வாசித்துக்கொண்டே வந்து, "அமலன்" என்றார். அன்ரி சட்டென்று எழுந்து நின்றார். வேறு யாரும் எழவில்லை. நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

திரும்பும் வழியில், பெருஞ்சாலை வந்த பிறகு அன்ரி சொன்னார்:

"ஃபாதர் வடிவாச் சொன்னவர், என்ன? பிள்ளையின்ர பேரை இன்னொரு வாயால இண்டைக்குத்தான் கேட்டனான்."