நம்பர் போட்ட கட்டை

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்குழாய் ஒழுகுகிறது என்று நகரசபையில் போய்ச் சொன்னேன். ஆள் வந்து, ரிப்பேருக்கென்று குழாயைக் கழற்றிக்கொண்டு, ஓட்டையில் ஒரு மரக்கட்டையை அடித்துவிட்டுப் போனான். மழைக்காலம் வந்து போயிற்று, குழாய் வரவில்லை. ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கிருந்த ஓவர்சியர், "எல்லாம் சரியாக்கித் தரலாம், சாமி" என்பார்.

கடைசியில் பெயிண்ட் டப்பாவோடு ஒருவன் வந்தான். நகரசபைச் சொத்துக்கெல்லாம் நம்பர் போடுகிறார்களாம். விளக்குக் கம்பத்துக்குப் போட்டான். துருத்திக்கொண்டிருந்த அந்தக் கட்டைக்கும் போட்டான்!

எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டையைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் எறிந்துவிட்டு, சாலை பஜாரில் நானே ஒரு பித்தளைக் குழாய் வாங்கி மாட்டினேன்.

மறுநாளே ஓவர்சியர் வந்துவிட்டார். புதுக் குழாயில் சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"நம்பர் போட்ட கட்டை எங்கே, சாமி?"