பொழுதுபட ஏற்றிய வெளிச்சப் பெட்டி

தங்கையைப் பற்றிப் பெருமையடிக்கிறேன் என்று புளியந்தீவில் எங்கள் ஒழுங்கை முழுக்க எனக்குப் பெயர். அடிக்கிறேன்தான். அவள் நோர்வேயின் வடக்கில், முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறாள். வீடு வாங்கினாள், கார் வாங்கினாள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்வது வேறு கதை.

மாரி எங்களுக்கும்தான் வருகிறது. வாவி நிரம்பி முற்றம்வரை தண்ணீர் நிற்கும். ஆனால் மழை விட்டால் வெயில் வந்துவிடும். அங்கே மாரியில் சூரியன் தலைகாட்டுவதே அரிது. முதல் இரண்டு மாரியை எப்படியோ சமாளித்தவள், மூன்றாவதில் படுத்துவிட்டாள். காய்ச்சலில்லை, நோவில்லை. எழும்ப மனமில்லை, குளிக்க மனமில்லை, என்னோடு கதைக்கவும் மனமில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் வீடியோவில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வேலை போனால் போகட்டும், இவளே எங்கள் கையைவிட்டுப் போய்விடுவாளோ என்றுதான் நான் பயந்தேன். நினைவில் வந்த தெய்வத்துக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன்.

அந்த நேரத்தில், இருட்டுக் காலத்துச் சோர்வுக்கு வெளிச்சம் மருந்தாகுமா என்று பரிசோதிக்க அங்குள்ள வைத்தியசாலையொன்றில் ஆள் தேடினார்கள். இவள் பெயர் கொடுத்தாள். பளீரென்று எரியும் பெட்டியொன்றைக் கொடுத்தார்கள். காலையில் மட்டும், எழும்பியதும் அதன் முன்னால் அரை மணித்தியாலம் இருக்க வேண்டும். பிறகு எப்படி இருக்கிறது என்று கிழமைக்கொருமுறை டொக்டருக்குச் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே நாங்கள் வெயிலுக்குப் பயந்து குடையோடு திரிகிறோம். அங்கே அதைப் பெட்டியில் அடைத்து மருந்தென்கிறார்கள்.

சில கிழமை போனது. குணமில்லை. இருந்த நித்திரையும் போய், விடிய விடிய விழித்திருப்பதாகச் சொன்னாள். பெட்டி தந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஒருநாள் விளக்கு வைத்து, சோறும் இறக்கிவிட்டு அவளை அழைத்தேன். அவளுக்கு அப்போதுதான் பின்னேரம். ஆனாலும் யன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. பிள்ளையார் படத்தடியில் என்னவோ எரிந்துகொண்டிருந்தது.

"அதென்ன புள்ள, சாமிப் படத்தடியில?"

"அந்தப் பெட்டிதான் அக்கா. இஞ்ச ரூமுக்குள்ள திரி கொழுத்த ஏலா, புகை பட்டா அலாரம் கத்தும். பொழுதுபட்டா வீட்ட இருட்டா விடப்படாதுதானே. அதான் விளக்குக்குப் பதிலா இத வைக்கன். படுக்குமட்டும் எரியும்."

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படித் தோன்றும். காலையில் மட்டும் என்று டொக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். நித்திரை எங்கே போனதென்று இருவருக்கும் விளங்கிவிட்டது.

"இண்டையிலிருந்து நிப்பாட்டு. அவங்களுக்கு ஒண்டும் சொல்லாத. சொன்னா பெட்டியப் பறிச்சிருவாங்க," என்றேன்.

"இல்ல அக்கா. நான் சொல்லாட்டி, காலையில வெளிச்சம் பாத்தும் இவவுக்குச் சுகமில்லையெண்டு எழுதுவாங்க. என்னப்போல படுத்துக் கிடக்கிற ஆக்கள் எத்தின பேர். அதுகளுக்கு இந்த மருந்து கிடைக்காமப் போனா?"

நான் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். குளிக்கவே தென்பில்லாத பிள்ளை, அடுத்தநாள் பனிக்குள் நடந்து போய் டொக்டரிடம் உள்ளதைச் சொன்னாள். நான் சொன்னதுதான் நடந்தது. ஆய்விலிருந்து அவளை நீக்கினார்கள், பெட்டியையும் வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு டொக்டரிடம் கேட்டு, அதேபோல் ஒன்றைக் கடையில் தானே வாங்கினாள். காலையில் மட்டும் அதன் முன்னால் இருந்தாள். முதலில் நித்திரை திரும்பியது, பிறகு பசி. ஒருநாள் நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது அழைத்தாள். தலை வாரி, வேலைக்கு உடுத்தியிருந்தாள். "என்னகா, அந்தக் கிழிஞ்ச சட்டைய இன்னும் எறியல்லையா?" என்று கேட்டாள். மீன் கையோடு நின்று அழுதேன்.

பெட்டியால் வந்த சுகமா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதை அறியத்தானே அத்தனை பேரை இருத்திப் பார்த்தார்கள். அந்த முடிவு ஒருநாள் அச்சில் வரும். எத்தனை பேரிடம் பரிசோதித்தோம் என்று எழுதுவார்கள். அந்தத் தொகையில் என் தங்கை இருக்கமாட்டாள். அவள் இல்லாததால்தான் அந்தத் தொகை சரியாக இருக்கும்.